கையைப் பிடித்துச் சொல்லித் தராத தொழில்

(துவாக்குடியில் மாணவர்களும் பட்டறைத் தொழிலாளர்களும் கூடிய ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலையில் பேசியது. பேச்சுநடையை முழுக்க மாற்றாமல் எழுதித் தந்திருக்கிறேன்.)



கவிதையைப் பற்றிப் பேசச் சொல்லித்தான் என்னை அழைத்தார்கள். ‘தலித் கவிதையில் உடல்’ என்று தலைப்பும் கொடுத்திருந்தார்கள். நான் வெல்டிங் பற்றிப் பேசுகிறேன் என்றேன். ஏற்பாடு செய்த தோழர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, ‘நீங்க பேங்க்லதானே இருக்கீங்க?’ என்று கேட்டார். ஆமாம், நான் வங்கியில் குமாஸ்தா. ராடு பிடித்தவன் இல்லை. ஆனால் ராடு பிடித்த ஒரு கை சம்பாதித்த காசில் பி.ஏ. படித்தவன். உடலைப் பற்றிப் பேசுவதென்றால் அந்தக் கையிலிருந்துதான் என்னால் தொடங்க முடியும். இங்கே பாதிப்பேர் பட்டறையிலிருந்து நேரே வந்திருக்கீங்க. தொழிலைப் பற்றி நான் தப்பாச் சொன்னா அங்கேயே நிறுத்திக் கேளுங்க.

அந்தக் கை எங்க அண்ணனுடையது. பெரியப்பா மகன். 1995இல், ஒன்பதாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டு, 16 வயதில் ஒரு கிரில் பட்டறையில் சேர்ந்தார். பட்டறையின் பெயர் வேண்டாம். முதல் நாலு வருஷம் அவர் செய்த வேலையைச் சொல்கிறேன். ஆங்கிளும் ஃபிளாட்டும் தூக்கிப் போடுவது. ஹேக்ஸா பிளேடால் அறுப்பது. வெல்டிங் மேலே படிந்த ஸ்லாக்கைச் சிப்பிங் சுத்தியால் தட்டுவது. கம்பிப் பிரஷ் போடுவது, கிரைண்டிங் போடுவது, ரெட் ஆக்சைடு அடிப்பது. டீக்கடைக்குத் தூக்குவாளி எடுத்துக்கொண்டு போவது. ஹோல்டர் மட்டும் கையில் வரவில்லை.

அவருக்கு இரண்டு வருஷம் கழித்து முதலாளிக்குச் சொந்தக்காரப் பையன் ஒருவன் சேர்ந்தான். மூன்றே மாதத்தில் அவன் ஹோல்டர் பிடித்துவிட்டான். வெல்டிங் எப்படிச் சொல்லித் தருவார்கள் என்று உங்களுக்குத் தெரியும். மேஸ்திரி பின்னால் நிற்பார். பையன் கைமேலே தன் கையை வைப்பார். மணிக்கட்டைப் பிடித்து, ‘இப்படி... இப்படி... அவசரப்படாதே, இறக்கு’ என்று கூடவே நகர்வார். வாயால் சொல்லி விளங்காது. கை கையிடமிருந்துதான் கற்றுக்கொள்ள வேண்டும். அந்த மேஸ்திரி சாதி இந்து. எங்கள் அண்ணனைத் தொட்டுச் சொல்லித் தர அவரால் முடியவில்லை. அண்ணன் அவரைக் கெட்டவர் என்று ஒருநாளும் சொன்னதில்லை. தீபாவளிக்குத் துணி எடுத்துக் கொடுத்திருக்கிறார். ‘நல்ல மனுசன்டா. தொட மாட்டாரு, அவ்ளோதான்’ என்பார்.

அதனால் அண்ணன் பார்த்துத்தான் கற்றார். பட்டறையில் கறுப்புக் கண்ணாடி ஷீல்டு ஒன்றே ஒன்று. அது ஹோல்டர் பிடிக்கிறவருக்கு. பக்கத்தில் நின்று வெறுங்கண்ணால் அந்த வெளிச்சத்தைப் பார்த்தால் அப்போது ஒன்றும் தெரியாது. ராத்திரி பத்து, பதினொரு மணிக்கு மேல் கண்ணில் மணலை அள்ளிப் போட்ட மாதிரி ஆரம்பிக்கும். நான் மூணாவது படிக்கிறேன். அண்ணன் சுவரில் தலையை முட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பதைப் பார்த்திருக்கிறேன். உருளைக்கிழங்கைச் சீவிக் கண்மேல் வைப்பாங்க. பக்கத்து வீட்டில் கைக்குழந்தை வைத்திருந்த அக்கா சங்கில் தாய்ப்பால் பீச்சிக் கொடுக்கும். இரண்டு நாளில் சரியாகும். மறுபடி போய்ப் பார்ப்பார். முதலாளி இல்லாத நேரத்தில், தூக்கிப்போட்ட கட்டை ராடுகளைப் பொறுக்கி, உடைசல் தகட்டில் போட்டுப் பழகினார்.

பிறகு யாரோ சொல்லி அரசு ஐ.டி.ஐ.யில் வெல்டர் பிரிவில் சேர்ந்தார். எட்டாவது தேறியிருந்தால் போதும், ஒரு வருஷப் படிப்பு. இடஒதுக்கீட்டில் இடம் கிடைத்தது. அங்கே இருந்த வாத்தியார் எல்லாப் பையன்கள் கையையும் பிடித்த மாதிரி இவர் கையையும் பிடித்தார். தொழில் சொல்லித் தருவதற்காக வேறு சாதிக்காரர் ஒருவர் தன் கையைத் தொட்டது 20 வயதில்தான் என்று அண்ணன் சொல்லியிருக்கிறார். இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் இங்கேயே திரும்பி வரவேண்டியிருக்கிறது.

இப்போது அந்தக் கை என்ன செய்கிறது என்று மாணவத் தோழர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன். ராடுக்கும் இரும்புக்கும் நடுவில் ஒரு சின்ன இடைவெளி. ஏறக்குறைய ராடின் பருமன்தான். 3.15 மில்லிமீட்டர் ராடென்றால் மூன்று மில்லிமீட்டர். அதற்குள்தான் நெருப்பு நிற்கிறது. கை விலகினால் அணையும், நெருங்கினால் ஒட்டிக்கொள்ளும். ராடு எரிந்து குறையக் குறையக் கை கீழே இறங்க வேண்டும். இது முதல் அசைவு. மூட்டு நெடுக முன்னே நகர வேண்டும். இது இரண்டாவது. உருகிய உலோகம் இரண்டு பக்கமும் பிடிக்கும்படி குறுக்கே ஆட்ட வேண்டும். நீங்கள் வீவிங் என்று சொல்வது. இது மூன்றாவது. மூன்றும் ஒரே நேரத்தில், மூன்றும் வேறு வேறு வேகத்தில். கைதேர்ந்த வெல்டர் என்றால் இந்த மூன்று அசைவும் யோசிக்காமலே வருகிறவர். அவ்வளவுதான் அர்த்தம். அது வர வருஷக்கணக்கு ஆகும்.

நம்ம ஊருக்கு இந்தக் கை எவ்வளவு வேண்டியிருந்தது என்பதை உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. திருவெறும்பூரில் 1965இல் பெல் கொதிகலன் ஆலை வந்தது. கொதிகலன் என்றால் முழுக்க முழுக்கக் குழாயும் வெல்டிங்கும். 1975இல் இங்கேயே வெல்டிங் ஆராய்ச்சி நிலையமும் வந்தது. சுற்றிலும் துவாக்குடி வரைக்கும் துணைப் பட்டறைகள். அண்ணன் அப்படி ஒரு யூனிட்டில் ஒப்பந்தக் கூலியாகச் சேர்ந்து, பிறகு 6ஜி டெஸ்ட் எழுதினார். ‘எழுதினார்’ என்றா சொன்னேன்? பேங்க்காரன் புத்தி. குழாயை 45 பாகை சாய்த்து அசையாமல் நிறுத்திவிடுவார்கள். குழாயைத் திருப்பக் கூடாது, வெல்டர்தான் சுற்றி வரவேண்டும். மேலே பார்த்து, கீழே பார்த்து, பக்கவாட்டில், எல்லா நிலையிலும் அடித்து முடிக்க வேண்டும். அப்புறம் எக்ஸ்ரே எடுப்பார்கள். உள்ளே ஒரு பொட்டுக் காற்றோ ஸ்லாக்கோ மாட்டியிருந்தால் ஃபிலிமில் தெரிந்துவிடும். அண்ணன் தேறிவிட்டார். ஃபிலிமைப் பார்க்கிறவருக்கு அது எந்தத் தெருக்காரன் கை என்று தெரியாது. மேஸ்திரியின் கண்ணுக்குத் தப்பாதது எக்ஸ்ரேயின் கண்ணில் படவில்லை. அந்தச் சான்றிதழை வைத்துக்கொண்டு அனல்மின் நிலையங்களின் ஷட்டவுன் வேலைக்கெல்லாம் போனார். என் காலேஜ் ஃபீஸ் அதிலிருந்து வந்தது.

இனி எந்திரத்துக்கு வருகிறேன்.

கையின் மூன்று அசைவையும் எந்திரம் ஒவ்வொன்றாக வாங்கிக்கொண்டது. இதுதான் வெல்டிங்கின் சரித்திரம். முதலில் வாங்கியது கீழே இறங்கும் அசைவை. 1948இல் அமெரிக்காவில் மிக் வெல்டிங் வந்தது. ராடுக்குப் பதிலாகச் சுருளில் கம்பி, அதை ஒரு மோட்டார் துப்பாக்கிக்குள் தள்ளிக்கொண்டே இருக்கும். கை இறங்க வேண்டாம். ஐம்பதுகளில் அதற்குக் கரியமில வாயுவைப் பயன்படுத்தினார்கள். நீங்கள் சி.ஓ.டூ வெல்டிங் என்கிறீர்களே, அது. அடுத்து முன்னே நகரும் அசைவு. தண்டவாளத்தின் மேலே துப்பாக்கியைச் சுமந்துகொண்டு ஆமை மாதிரி ஊர்ந்து போகிற சின்ன வண்டியைப் பெரிய யூனிட்களில் பார்த்திருப்பீர்கள். ஆனால் அதை எல்லா இடத்துக்கும் கொண்டுபோக முடியாது. கையில் பிடித்துச் செய்கிற வேலையில் நகர்வும் வீவிங்கும் கையிடமே இருந்தன.

கைப்பிடி லேசர் வந்துதான் அதையும் எடுத்தது. அமெரிக்க ஐபிஜி கம்பெனி 2020இல் லைட்வெல்ட் என்று ஒன்றை விற்பனைக்குக் கொண்டுவந்தது. சீனாவில் செய்த எந்திரங்கள் அதைவிட மிகக் குறைந்த விலையில், சில லட்ச ரூபாய்க்கு, நம்ம ஊர் எவர்சில்வர் பட்டறைகள் வரை வந்துவிட்டன. பெட்டியிலிருந்து கண்ணாடியிழைக் கேபிள் வழியாக ஒளி வருகிறது. அதன் புள்ளி மிகச் சிறியது. நேராக விட்டால் மயிரிழை இடைவெளியைக்கூட மூடாது. அதனால் துப்பாக்கிக்குள்ளே ஒரு சின்னக் கண்ணாடியை மோட்டாரில் மாட்டியிருக்கிறார்கள். அது நொடிக்கு நூறு தடவைக்கு மேல் ஆடி, நாலைந்து மில்லிமீட்டர் அகலம் வரை ஒளியைக் குறுக்கே ஆட்டும். வீவிங் அதன் வேலையாகிவிட்டது. கம்பி தள்ளுகிற மோட்டார், மூட்டில் கம்பியை ஊன்றித் தள்ளும்போது துப்பாக்கியே மெல்லப் பின்னால் நகரும். நகர்வும் அதன் வேலையாகிவிட்டது. எந்த உலோகம், எத்தனை மில்லிமீட்டர் என்று திரையில் தொட்டால் மற்ற அளவுகளை அதுவே எடுத்துக்கொள்ளும். கை செய்ய வேண்டியது மூக்கை மூட்டில் வைத்து, கோணம் மாறாமல், அது போகிற போக்குக்குக் கூடப் போவது.

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நாளைக்கே எல்லா வெல்டரும் வீட்டுக்குப் போகவேண்டும் என்று இல்லை. இது மெல்லிய தகட்டுக்கான கருவி. ஓட்டல் சமையல் மேசை, தண்ணீர்த் தொட்டி, கைப்பிடி, எவர்சில்வர் கேட், இந்த மாதிரி வேலைகளுக்கு. மூட்டு நெருக்கமாகப் பொருந்தியிருக்க வேண்டும். கனத்த கொதிகலன் குழாயை அந்தரத்தில் தொங்கிக்கொண்டு அடிக்க இன்னும் அண்ணன் கைதான் வேண்டும். ஆனால் நம்ம பிள்ளைகள் முதலில் நுழைகிற பட்டறைகள் மெல்லிய தகட்டுப் பட்டறைகள்தானே.

அண்ணன் மகள் டிப்ளமோ மெக்கானிக்கல் முடித்துவிட்டு ஓட்டல் சாமான் செய்கிற ஒரு யூனிட்டில் பயிற்சிக்குச் சேர்ந்தாள். அங்கே லேசர் எந்திரம் வந்தது. ஒரு வாரத்தில் அடிக்கப் பழகிவிட்டாள். வீட்டுக்கு வந்து, ‘சித்தப்பா, அது கையைப் புடிச்சுச் சொல்லித் தருது சித்தப்பா’ என்றாள். அவள் சும்மாதான் சொன்னாள். அவளுக்குப் பழைய பட்டறைக் கதை முழுசாகத் தெரியாது. அண்ணன் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் கையை எடுத்துவிட்டார். கொஞ்ச நேரம் கழித்து, ‘அது வெல்டிங்கே இல்லம்மா’ என்றார். இன்னும் கொஞ்ச நேரம் கழித்து, ‘ஒருநாள் கூட்டிட்டுப் போ, பாப்போம்’ என்றார்.

இரண்டு பேருடைய பேச்சிலும் உண்மை இருக்கிறது. எந்திரம் நம்மைத் தொடத் தயங்கவில்லை. நாலு வருஷம் வாசலில் நிறுத்திய தொழில் ஒரு வாரத்தில் கதவைத் திறந்தது, அதுவும் ஒரு பெண்ணுக்கு. இதைச் சாதாரணமாக நினைக்கக் கூடாது. ஆனால் அந்த யூனிட்டில் சம்பளம் பேசும்போது என்ன சொன்னார்கள் தெரியுமா? ‘இதுல என்னம்மா இருக்கு, மெஷினே பண்ணுது, யார் வேணா பண்ணலாம்.’ கவனியுங்கள் தோழர்களே. வேலை கஷ்டமாக இருந்தபோது அப்பாவிடம் ‘உனக்கு வராதுடா’ என்றார்கள். சுலபமானதும் மகளிடம் ‘யாருக்கும் வரும்’ என்கிறார்கள். இரண்டு பேச்சுக்கும் கூலி ஒன்றுதான்.

இடதுசாரித் தோழர்கள் இதைத் திறன் பறிப்பு என்பார்கள். தொழிலாளியின் கையிலிருந்த அறிவை எந்திரத்துக்குள் ஏற்றி, கையை மலிவாக்குவது. சரி, நான் மறுக்கவில்லை. ஆனால் ஒரு கேள்வி இருக்கிறது. கையில் தரப்படவே இல்லாத திறனை எப்படிப் பறிக்க முடியும்? அண்ணன் தலைமுறையில் ஒருவர் ஹோல்டரை எட்டினால் பத்துப் பேர் சிப்பிங் சுத்தியோடு நின்றுபோனார்கள். அந்தப் பத்துப் பேரிடம் போய் ‘எந்திரம் உன் திறமையைத் திருடுது’ என்றால் சிரிப்பார்கள். கைத்திறன் என்ற வார்த்தையைக் கேட்டதும் உருகிப்போகிற அறிவாளிகள், அந்தத் திறன் எந்தத் தெருவில் அடைபட்டிருந்தது என்று கேட்பதில்லை.

இத்தனைக்கும் வெல்டிங்குக்கு எந்த சாஸ்திரத்திலும் சாதி எழுதப்படவில்லை. அது மின்சாரத்தோடு பிறந்த தொழில். பூச்சுப் பூசிய ராடு, சுவீடன்காரர் ஆஸ்கர் கியெல்பெர்க் 1904இல் தொடங்கிய கம்பெனி மூலம் பரவியது. அதற்கு நூற்றிருபது வயசுதான் ஆகிறது. மனுவுக்கு ஆர்கான் சிலிண்டர் தெரியாது. அப்படியும் அது ஊருக்குள் வந்ததும் ஊரின் கோடு அதன் குறுக்கேயும் விழுந்தது. அம்பேத்கர் 1936இலேயே சாதியை வேலைப் பிரிவினை என்று ஏற்க மறுத்து, அது வேலை செய்கிறவர்களையே மேல்கீழாகப் பிரித்து வைப்பது என்று விளக்கினார். ஒரே பட்டறைக்குள்ளே ஹோல்டர் ஒருவருக்கு, சுத்தி ஒருவருக்கு என்றிருந்ததைப் பார்த்தவர்களுக்கு அதற்கு விளக்கவுரை வேண்டாம்.

எந்திரம் விஷயத்திலும் அவர் நிலை தெளிவாக இருந்தது. காந்தி 1909இல் ‘ஹிந்த் சுவராஜ்’ எழுதி எந்திரத்தைச் சாடினார். அம்பேத்கர், காங்கிரஸும் காந்தியும் தீண்டப்படாதவர்களுக்குச் செய்தது என்ன என்று கேட்டு 1945இல் எழுதிய நூலில் அதற்குப் பதில் சொன்னார். மாடு மாதிரி உழைக்கிற வாழ்க்கையிலிருந்து மனுசனுக்கு ஓய்வு கிடைக்க எந்திரம் வேண்டும். அதன் பலன் எல்லோருக்கும் போகவில்லையென்றால் பழி எந்திரத்தின் மேல் இல்லை, சமூகத்தின் அமைப்பை மாற்றவேண்டும் என்பது அவர் வாதம். நாம் அந்த வழியில் வந்தவர்கள். லேசர் துப்பாக்கியைப் பார்த்துப் பயந்து, ராடு காலம் பொற்காலம் என்று பாட்டுப் பாட நமக்கு ஒரு காரணமும் இல்லை.

2023இல் ஒன்றிய அரசு விசுவகர்மா திட்டம் கொண்டுவந்தது. 18 கைத்தொழில்கள். குடும்ப வழியாக அந்தத் தொழிலைச் செய்து வருகிறவர்களுக்குப் பயிற்சி, கருவி, கடன். குலத்தொழிலை நிலைநிறுத்துகிறது என்று தமிழ்நாடு அரசு 2024இல் அதை ஏற்க மறுத்து, குடும்பத் தொழில் என்ற நிபந்தனை இல்லாமல் வேறு திட்டம் கொண்டுவந்தது. குடும்ப வழி என்று கேட்டால் எங்கள் அண்ணன் எதைக் காட்டுவார்? குடும்ப வழியாக எங்களிடம் இருந்தது பறையும் மண்வெட்டியும்தான்.

எந்திரம் யாருக்காக, எப்போது வருகிறது என்பதையும் பாருங்கள். வெல்டிங்கில் கையின் ஓர் அசைவைக் காப்பாற்ற 1948இலேயே மோட்டார் வந்துவிட்டது. மலக்குழிக்குள் இறங்கும் உடலைக் காப்பாற்ற? கேரளத்து இளைஞர்கள் செய்த பாண்டிகூட் என்ற எந்திரம் 2018இல்தான் வந்தது. கையால் மலம் அள்ளுவதைத் தடுக்கச் சட்டம் 1993இல் ஒன்று, 2013இல் ஒன்று. குழியில் செத்தால் 10 லட்சம் என்று உச்சநீதிமன்றம் 2014இல் சொன்னது. 2023இல் 30 லட்சம் ஆக்கியது. விஞ்ஞானம் கஷ்டமாக இருந்ததால் தாமதம் ஆகவில்லை. ஒளியை நொடிக்கு நூறு தடவை ஆட்டத் தெரிந்த உலகத்துக்கு ஒரு வாளியைக் குழிக்குள் இறக்கித் தூக்கத் தெரியாதா? வெல்டரின் நேரத்துக்கு விலை இருந்தது. இந்த உடலுக்கு விலை இல்லை. அவ்வளவுதான்.

இனி நான் சொல்வதைப் பட்டறைத் தோழர்கள் முக்கியமாகக் கேட்கவேண்டும். கண்ணைப் பற்றியது.

பழைய ஆர்க் வெளிச்சத்தில் இருக்கும் புறஊதாக் கதிர் கண்ணின் மேல் தோலைச் சுடும். ராத்திரி முழுக்க அலறுவோம், ஆனால் அது பெரும்பாலும் ஓரிரு நாளில் ஆறிவிடும். லேசர் அப்படியில்லை. அதன் ஒளி ஏறக்குறைய 1070 நானோமீட்டர், கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு. கண்ணின் முன்பக்கம் அதைத் தடுக்காது. நேரே உள்ளே போய், விழித்திரையில் ஒரு புள்ளியாகக் குவியும். அங்கே வலி தெரியாது. வெந்த இடம் திரும்ப வராது. நேராகப் பார்க்க வேண்டும் என்றும் இல்லை. பளபளக்கிற எவர்சில்வரில் பட்டுத் திரும்புகிற ஒளியே போதும். அபாயத்தில் நாலாம் வகுப்பு லேசர் இது, அதற்கு மேல் வகுப்பே கிடையாது. உங்கள் கறுப்புக் கண்ணாடி இதற்குப் போதாது. இந்த அலைநீளத்துக்கென்று எழுதியிருக்கிற கண்ணாடிதான் போடவேண்டும். அடிக்கிறவருக்கு மட்டும் இல்லை, பக்கத்தில் தகடு பிடிக்கிற ஹெல்பருக்கும், டீ கொண்டுவருகிற பையனுக்கும். லேசர் ஓடுகிற இடம் நாலு பக்கமும் அடைத்திருக்க வேண்டும். மூக்கு இரும்பைத் தொட்டால்தான் ஒளி வரும்படி ஒரு காப்பு எந்திரத்தில் இருக்கும். வேலை வேகத்துக்காக அதை ஏமாற்றி ஓட்டுகிற இடத்தில் நிற்காதீர்கள்.

புகையும் போகவில்லை. வெல்டிங் புகை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குவது உறுதி என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2017இல் முதல் பிரிவில் சேர்த்தது. எவர்சில்வர் என்றால் குரோமியமும் நிக்கலும் சேர்ந்த புகை. லேசரில் புகை கண்ணுக்குக் குறைவாகத் தெரியும், அதனால் ஜன்னலை அடைத்துவிட்டு ஃபேனையும் நிறுத்திவிடுகிறார்கள். புகையை இழுக்கிற எக்ஸாஸ்ட் கேளுங்கள். பட்டறையில் ஒரே ஒரு கண்ணாடிதான் இருக்கிறதென்றால் அது யார் முகத்துக்குப் போகும், யார் வெறுங்கண்ணோடு நிற்பார் என்பது எனக்குத் தெரியும். எங்க வீட்டு ராத்திரிகளில் அதைப் பார்த்திருக்கிறேன். அப்போது தாய்ப்பால் விட்டு ஆறியது. இதற்கு அது உதவாது.

கடைசியாக என் தொழிலுக்கு வருகிறேன். இதைச் சொல்லத்தான் கவிதையை விட்டுவிட்டு இந்தத் தலைப்பை எடுத்தேன்.

அண்ணன் அந்த யூனிட்டுக்குப் போய்ப் பார்த்தார். லேசரைக் கையில் வாங்கி அரை மணி நேரம் அடித்தார். வெளியே வந்ததும், ‘இதை நாமளே ஒண்ணு போட்டா என்னடா?’ என்றார். அப்பாவும் மகளும் சேர்ந்து கணக்குப் போட்டார்கள். எந்திரம், கேஸ், வாடகை ஷெட், முன்பணம் எல்லாம் சேர்ந்து 8 லட்சம். மகள் பெயரில் கடன் விண்ணப்பம். நான் வேலை செய்கிற கிளையில்தான் கொடுக்க வேண்டியிருந்தது, அவர்கள் இருக்கும் பகுதி அந்தக் கிளைக்குள் வருகிறது.

முதல்நாள் ராத்திரி நான் அவளிடம், ‘பேங்க்ல வந்து சித்தப்பான்னு கூப்பிடாதம்மா, சார்னு கூப்பிடு’ என்றேன். சொந்தக்காரர் என்று தெரிந்தால் சிக்கல் வரும் என்று காரணமும் சொன்னேன். அவள் தலையாட்டினாள். மறுநாள் கவுண்டருக்கு வந்து, ‘சார், இந்த ஃபார்ம் யார்கிட்ட சார் கொடுக்கணும்?’ என்று கேட்டாள். நான் கையைக் காட்டினேன்.

இடம் பார்க்க ஒருவர் போய்வந்தார். ‘காலனி கேஸ், வசூல் ஆகாது’ என்று பக்கத்து மேசையில் பேசியது என் காதில் விழுந்தது. மேலாளர் அவளைக் கூப்பிட்டு, ‘இதெல்லாம் ஆம்பளைங்க தொழிலாச்சே, சொத்துப் பத்திரம் ஏதாவது இருக்கா?’ என்று கேட்டார். 10 லட்சம் வரை குறு, சிறு தொழில் கடனுக்குச் சொத்துப் பிணை கேட்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2010இல் உத்தரவு போட்டிருந்தது. அந்த உத்தரவின் நகல் எனக்குப் பின்னாலிருந்த அலமாரியில் இருந்தது. நான் எழுந்திருக்கவில்லை. விண்ணப்பத்தைத் திருப்பி அனுப்பும் கடிதத்தைப் பதிவேட்டில் ஏற்றி எண் போட்டது என் கைதான்.

என் சாதி அந்தக் கிளையில் எல்லோருக்கும் தெரியும். பிறகு நான் எதை மறைத்தேன்? யோசித்துப் பார்க்கிறேன். அண்ணனைத் தொடாத மேஸ்திரிக்கு ஒரு சாதி இருந்தது. அண்ணன் மகளைத் தெரியாத மாதிரி இருந்த எனக்கு ஒரு நாற்காலி இருந்தது. ‘நல்ல மனுசன், தொட மாட்டாரு, அவ்ளோதான்’ என்று அவள் என்னைப் பற்றியும் சொல்லலாம். அவள் சொல்லவில்லை. நாலு நாள் எங்கள் வீட்டுப் பக்கம் வரவில்லை, அவ்வளவுதான்.

இரண்டு மாதம் கழித்து நானே விண்ணப்பத்தை மறுபடி எழுதினேன். 2010 உத்தரவைக் குறிப்பிட்டு, மறுப்பதானால் காரணத்தை எழுத்தில் தரவேண்டும் என்று கேட்டு, அவளைக் கையெழுத்துப் போடச் சொன்னேன். ஒருநாள் விடுப்பு எடுத்துக்கொண்டு, கவுண்டருக்கு இந்தப் பக்கம் நின்று, மேலாளரிடம், ‘இவர் எங்க அண்ணன், இது எங்க அண்ணன் மகள்’ என்று சொன்னேன். அவர் எங்களை உட்காரச் சொன்னார். இன்றைக்கு வரை முடிவு வரவில்லை. வந்தால் உங்களுக்குச் சொல்கிறேன், வராவிட்டாலும் சொல்கிறேன்.

இதிலிருந்து நான் புரிந்துகொண்டது இதுதான். எந்திரம் நம் கையைத் தொடும், பிடித்துக் கூட்டிப்போகும். அதுவரைக்கும்தான் அதனால் முடியும். எந்திரம் யாருடைய ஷெட்டில் நிற்கிறது என்பதை எந்திரம் தீர்மானிக்காது. அங்கே பழைய மேஸ்திரி கோட்டுப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். ஐ.டி.ஐ. கதவை அண்ணனுக்குத் திறந்தது எந்திரம் இல்லை. சட்டமும், அதற்குப் பின்னால் போராடியவர்களும், கையைப் பிடித்த அந்த ஒரு வாத்தியாரும்.

அதனால் சில வேலைகள் இருக்கின்றன. கடன் மறுத்தால் வாய்ப்பேச்சோடு திரும்பாதீர்கள், எழுத்தில் கேளுங்கள். விண்ணப்பம் எழுதத் தெரியாதென்றால் என்னிடம் வாருங்கள். வங்கிக்கே வாருங்கள், உறவு சொல்லியே கூப்பிடுங்கள். தனியாள் வாங்க முடியாத எந்திரத்தை ஐந்து பேர் சேர்ந்து வாங்க முடியுமா என்று உட்கார்ந்து பேசுவோம். அரசு ஐ.டி.ஐ.க்களில் கைப்பிடி லேசரையும் அதற்கான கண்ணாடியையும் வைத்துச் சொல்லித் தரச் சொல்லி மாணவத் தோழர்கள் கேட்கவேண்டும். லேசர் பழகிவிட்டோம் என்று ராடை விட்டுவிடாதீர்கள். உருகிய உலோகம் எப்படி நடந்துகொள்ளும் என்று தெரிந்தவரைத்தான் ‘யார் வேணா பண்ணலாம்’ என்று சொல்லி விரட்ட முடியாது.

அண்ணன் இப்போது ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கள் காலனி சமுதாயக் கூடத்துக்குப் பின்னால் ராடு வெல்டிங் சொல்லித் தருகிறார். பழைய செட் ஒன்று, ஷீல்டு ஆறு இருக்கிறது. பார்த்துக்கொண்டு நிற்கிறவருக்கும் ஷீல்டு உண்டு. பெண்பிள்ளைகள் மூன்று பேர் வருகிறார்கள். போன வாரம் வேறு தெருவிலிருந்து, சாதி இந்துப் பையன் ஒருவன் வந்தான். அவனுக்கு ராடு ஒட்டிக்கொண்டே இருந்தது. அண்ணன் பின்னால் போய் நின்று அவன் மணிக்கட்டைப் பிடித்தார். பையன் ஒரு நொடி திரும்பிப் பார்த்தான். அப்புறம் குனிந்து வேலையைப் பார்த்தான்.

காலை ஏழு மணிக்கு ஆரம்பம். வருகிறவர்கள் செருப்பு வேண்டாம், ஷூ போட்டுக்கொண்டு வாருங்கள். முழுக்கைப் பருத்திச் சட்டை.

ஜெய் பீம்.